கரடித் தடம் வார்க்க எந்த மாவு? மொன்டானாவில் மூன்று ஆண்டுகள் பயன்படுத்திப் பார்த்த பிறகு

காட்டுக் கரடியின் காலடியைத் தேடிப் போய், அதைப் படமெடுத்து, பிறகு அதன்மேல் மாவைக் கரைத்து ஊற்றி வார்ப்பாக எடுத்து வருவதை ஒரு பொழுதுபோக்கு என்று சொன்னால் ஊரில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். நான் வசிக்கும் மொன்டானா மாநிலத்தின் போஸ்மேன் நகரத்தில் யாரும் சிரிப்பதில்லை. தெற்கே கேலட்டின் மலைத்தொடரும் அதற்கு அப்பால் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவும் இருக்கும் இந்தப் பகுதியில், கருங்கரடி, கிரிஸ்லி எனப்படும் பழுப்புக்கரடி என்னும் இரண்டு இனங்களும் ஒரே பாதையில் நடக்கின்றன; எது எதனுடைய தடம் என்று கண்டுபிடிப்பதற்காகவே பலர் அளவுகோலோடு மலையேறுகிறார்கள். இந்த வேலைக்காகக் கடந்த மூன்று ஆண்டுகளில் நான் மூன்று விதமான பொருள்களை வாங்கிப் பயன்படுத்தினேன்: கட்டுமானப் பொருள் கடையில் கிடைக்கும் சாதாரண பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ், சிறுவர்களுக்கென்று பெட்டியில் விற்கப்படும் தடம் வார்க்கும் தொகுப்பு, பல் மருத்துவர்கள் பல்வரிசையின் மாதிரி எடுக்கப் பயன்படுத்தும் டென்டல் ஸ்டோன். இவற்றுள் கடைசியாகச் சொன்னதை மட்டுமே இனி வாங்குவேன். வார்ப்பின் அழகு அதற்கு ஒரு காரணம்தான். மற்றொரு காரணம், கரடி நடமாடும் பாதையில் எத்தனை நிமிடம் உட்கார்ந்திருக்க வேண்டும் என்ற கணக்கு. பொருளின் உறையில் அச்சிடப்படாத அந்தக் கணக்குதான் எனக்கு முதன்மையானது.

முதலில் தடத்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். எந்த மாவு நல்லது என்பது எதை வார்க்கப் போகிறோம் என்பதைப் பொறுத்தது. கரடி நம்மைப் போலவே உள்ளங்கால் முழுவதையும் ஊன்றி நடக்கும் விலங்கு, விரல்களும் ஐந்து. ஆகவே பின்னங்கால் தடத்தை முதன்முதலில் பார்ப்பவர்கள் யாரோ வெறுங்காலோடு நடந்து போயிருக்கிறார்கள் என்றே நினைப்பார்கள். ஆனால் மனிதனுக்குப் பெருவிரல் உட்புறம் இருப்பதுபோல் அல்லாமல் கரடிக்குப் பெரிய விரல் வெளிப்புறம் இருக்கிறது. இடது செருப்பை வலது காலிலும் வலது செருப்பை இடது காலிலும் மாட்டிக்கொண்டு ஒருவன் நடந்து போனது போன்ற தோற்றம் அதனால்தான் வருகிறது. முன்னங்காலில் மெத்தை எனப்படும் அகன்ற சதைப்பகுதியும் விரல்களும் மட்டும் பதியும். சில வேளைகளில் பின்புறம் ஒரு சிறு வட்டப்புள்ளியும் விழும்.

கருங்கரடிக்கும் கிரிஸ்லிக்கும் உள்ள வேறுபாட்டை அறிய இங்கே எல்லோரும் பயன்படுத்துவது பால்மிசியானோ கோடு. முன்னங்கால் தடத்தில், வெளிப்புறப் பெரிய விரலின் அடிப்பகுதியையும் மெத்தையின் முன்விளிம்பில் உள்ள மிக உயர்ந்த இடத்தையும் தொட்டுச் செல்லுமாறு ஒரு நேர்கோட்டை வைத்து, அதை உட்புறச் சிறுவிரல் வரை நீட்டிப் பார்க்க வேண்டும். சிறுவிரலின் பெரும்பகுதி கோட்டுக்கு மேலே நின்றால் கிரிஸ்லி, கீழே இறங்கியிருந்தால் கருங்கரடி. கிரிஸ்லியின் விரல்கள் ஏறக்குறைய ஒரே வரிசையில் நெருங்கி நிற்கும். கருங்கரடியின் விரல்கள் வில்போல் வளைந்து பிரிந்திருக்கும். நகக்குறிகளும் அப்படியே: கருங்கரடியின் நகம் விரல் நுனியை ஒட்டிக் குத்தியிருக்கும், நிலம் தோண்டி வாழும் கிரிஸ்லியின் நீண்ட நகமோ விரலிலிருந்து வெகுதூரம் தள்ளி ஒரு தனிப்புள்ளியாக விழுந்திருக்கும். வார்ப்பெடுக்கிறவனுக்குத் தொல்லை தருபவை இந்தப் புள்ளிகள்தாம். மெத்தையை எந்த மாவும் நன்றாகவே பிரதி எடுத்துவிடும். ஆனால் இனத்தை அடையாளம் காட்டுகிற நகமுனை, வார்ப்பில் ஒரு மெல்லிய கூம்பாக நீட்டிக்கொண்டு நிற்கும். மாவுக்கு வலு இல்லையென்றால் முதலில் ஒடிவது அதுதான்.

கட்டுமானக் கடைப் பொடியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் நானும் அதிலிருந்துதான் தொடங்கினேன். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் நமக்குப் புதியதன்று. கை ஒடிந்தால் போடும் மாவுக்கட்டும், விநாயகர் சதுர்த்திக்கு வரும் வண்ணப் பிள்ளையாரும் அதுவே. இந்தியாவில் புலிகளை எண்ணுவதற்கும் பல ஆண்டுகள் இதே பொடிதான் பயன்பட்டது. புலித்தடத்தின்மேல் கண்ணாடி வைத்து வரைந்தும் பிளாஸ்டர் ஊற்றி எடுத்தும் கணக்கெடுத்தார்கள். ராஜஸ்தானின் சரிஸ்கா காப்பகத்தில் புலிகளே இல்லை என்பது 2005-இல் வெளிவந்த பிறகு அந்த முறை கைவிடப்பட்டுத் தானியங்கிக் கேமராக்களுக்கு மாறினார்கள். தடத்தை வைத்துத் தலைகளை எண்ணுவதில்தான் குறை கண்டார்கள். ஒரு தடத்தின் உருவத்தைப் பத்திரப்படுத்துவதற்கு வார்ப்பு இன்றும் செல்லுபடியாகும் வழியே.

முதல் ஆண்டு மே மாத இறுதியில், பனி உருகி முடிந்த ஒரு பழைய மரவெட்டுப் பாதையில், வற்றிக்கொண்டிருந்த மழைத்தேக்கத்தின் ஓரத்தில் ஒரு கருங்கரடியின் பின்னங்கால் தடத்தைக் கண்டோம். இரண்டு பங்கு பொடிக்கு ஒரு பங்கு தண்ணீர் என்று உறையில் இருந்தபடியே கலந்தேன். கலந்தது நன்றாகத்தான் இருந்தது. ஊற்றியதும் சரியாகவே நிரம்பியது. அதன்பிறகு காத்திருந்தோம். அரை மணி நேரத்தில் எடுக்கலாம் என்று உறை சொன்னது. அது வீட்டுக்குள், இருபது டிகிரி வெப்பத்தில், உலர்ந்த பலகையின்மேல் ஊற்றியதற்கான கணக்கு என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. ஓடையிலிருந்து மொண்ட பனிநீர், ஈரச் சகதி, காலை ஆறு டிகிரிக் குளிர் ஆகிய மூன்றும் சேர்ந்தபோது, ஒன்றேகால் மணி நேரத்துக்குப் பிறகும் விரல் வைத்தால் அழுந்துகிற நிலையில்தான் அது இருந்தது. நாங்கள் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து பாதை இருபது அடியில் வளைந்து மறைகிறது. அந்த வளைவைப் பார்த்துக்கொண்டே எழுபத்தைந்து நிமிடம் உட்கார்ந்திருப்பது எப்படிப்பட்டது என்பதை அனுபவித்தவர்களே அறிவார்கள். கடைசியில் பொறுமையிழந்து தூக்கினேன். நடுவில் விரிசல் விட்டு, ஐந்து நகங்களில் மூன்றை மண்ணிலேயே விட்டுவிட்டு வந்தது. மிஞ்சியதும் காரில் வரும் வழியில் இரண்டாகப் பிளந்தது.

அடுத்து வாங்கிய சிறுவர் தொகுப்பைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. நிறுவனத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. இந்த வகைத் தொகுப்புகள் பலவற்றிலும் இதே குறை உண்டு. அட்டைப்பெட்டியின் முகப்பில் கம்பீரமாக ஒரு கரடி நிற்கிறது; உள்ளே இருப்பதோ அரைக் கிலோவுக்கும் குறைவான பொடியும், ஒரு சாண் அகலம்கூட இல்லாத வட்டப் பிளாஸ்டிக் வளையமும். மான் குளம்புக்கும் ரக்கூன் கைக்கும் அது போதும், அவற்றுக்கு நன்றாகவே வேலை செய்தது. கரடியின் பின்னங்கால் அந்த வளையத்துக்குள் அடங்கவே அடங்காது. குழந்தைகளோடு ஆற்றங்கரைக்குப் போகிறவர்கள் வாங்கலாம். கரடிப் படத்தை நம்பி வாங்க வேண்டாம்.

டென்டல் ஸ்டோன் என்ற பெயர் எனக்கு வந்தது மதுரையில் பல் மருத்துவராக இருக்கும் என் அக்காவிடமிருந்து. உடைந்த வார்ப்பின் படத்தை அனுப்பியிருந்தேன். ‘சாதா பிளாஸ்டர்ல நாங்க பல்லு மாடலே எடுக்க மாட்டோம்டா, நீ அதுல கரடி நகத்த எடுக்கப் பாத்தியா?’ என்று கேட்டவர், மூன்றாம் வகை ஸ்டோன் வாங்கச் சொன்னதோடு, நூறு கிராம் மாவுக்கு முப்பது மில்லி தண்ணீர் என்ற அளவையும், மாவைத்தான் தண்ணீரில் தூவ வேண்டுமே தவிரத் தண்ணீரை மாவில் ஊற்றக் கூடாது என்ற விதியையும் சேர்த்துச் சொன்னார். அம்மாவின் கேள்வி வேறு மாதிரி இருந்தது: ‘நீ கரடி காலடியத் தேடிப் போற, சரி, கரடி உன் காலடியத் தேடி வந்தா என்னடா பண்ணுவ?’ அதற்கான பதில் பின்னால் வருகிறது.

வேதியியலாகப் பார்த்தால் இரண்டு பொடிகளும் ஒன்றே. ஜிப்சம் கல்லைச் சூடாக்கி அதிலுள்ள நீரில் பெரும்பகுதியை வெளியேற்றினால் கிடைக்கும் கால்சியம் சல்பேட் அரைநீரேறிதான் இரண்டும். தண்ணீர் சேர்த்தால் வெளியேறிய நீரைத் திரும்ப வாங்கிக்கொண்டு, சூட்டை உமிழ்ந்தபடி மறுபடியும் கல்லாகிறது. வேறுபாடு தயாரிப்பில் இருக்கிறது. திறந்த கலத்தில் சூடாக்கினால் துகள்கள் ஒழுங்கற்று, பஞ்சுபோல் துளைகளோடு உருவாகின்றன. அது சாதாரண பிளாஸ்டர். நீராவி அழுத்தத்தில் சூடாக்கினால் அடர்ந்த, ஒழுங்கான படிகங்கள் கிடைக்கின்றன, அது ஸ்டோன். இறுகுவதற்கு வேதியியல்படி தேவைப்படும் தண்ணீர் நூறு கிராமுக்கு ஏறக்குறைய 18.6 மில்லிதான். அதற்குமேல் ஊற்றுவதெல்லாம் மாவை ஊற்றும் பதத்துக்குக் கொண்டுவருவதற்காகவே. அந்த உபரித் தண்ணீர் பிறகு ஆவியாகிப் போய் வார்ப்புக்குள் வெற்றிடங்களை விட்டுச் செல்கிறது. துளையுள்ள பிளாஸ்டர் நூறு கிராமுக்கு ஐம்பது மில்லியாவது குடிக்கும், ஸ்டோன் முப்பதோடு நிறுத்திக்கொள்ளும். பல் மருத்துவத் தர அளவுகளின்படி ஒரு மணி நேரத்துக்குப் பின் சாதாரண மாதிரிப் பிளாஸ்டருக்கு 9 மெகாபாஸ்கல் அழுத்த வலு இருந்தால் போதும். மூன்றாம் வகை ஸ்டோனுக்கு 20 இருக்க வேண்டும். நான்காம் வகைக்கு 35 வரை போகிறது. அதையும் ஒருமுறை வாங்கிப் பார்த்தேன், ஆனால் கரடித் தடத்துக்கு அந்த விலை வீண் செலவு. மணல் துகள்களே அரை மில்லிமீட்டர் பருமனில் இருக்கும் மண்ணில் அவ்வளவு நுட்பத்துக்கு என்ன வேலை?

இனிக் களத்துக்கு வருகிறேன். மூன்றாம் வகை ஸ்டோனைக் கொண்டு இதுவரை பதினோரு வார்ப்புகள் எடுத்திருக்கிறேன். ஒன்பது முழுமையாக வந்தன. ஊற்றியதிலிருந்து மேற்பரப்பின் பளபளப்பு மறைய பன்னிரண்டு முதல் பதினைந்து நிமிடம், தூக்கும் நிலைக்கு வர முப்பத்தைந்து முதல் நாற்பது நிமிடம். ஓடை நீர் மிகக் குளிர்ந்திருந்த நாளில் மட்டும் ஐம்பதைத் தொட்டது. அதன்பிறகு தண்ணீரை ஓடையில் மொள்வதை விட்டுவிட்டு, வீட்டிலிருந்தே வெதுவெதுப்பாகக் குடுவையில் கொண்டு போகிறேன். தண்ணீர் குறைவாகவே தேவைப்படுவதால் சுமையும் பெரிதாகத் தெரியவில்லை. ஒரு பெரிய கிரிஸ்லியின் பின்னங்கால் தடத்துக்கு, சுற்றிலும் சிறிது மண்ணை விட்டு, இரண்டரை சென்டிமீட்டர் கனத்தில் வார்க்க எனக்கு இரண்டேகால் கிலோ ஸ்டோனும் 675 மில்லி தண்ணீரும் செலவாகின்றன. இதே பருமனுக்குச் சாதாரண பிளாஸ்டர் ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று அதிகமாக இருந்தால் போதும். ஸ்டோன் கிலோவுக்கு இரு மடங்கு விலை, அதோடு ஒரு வார்ப்புக்குக் கூடுதலாகவும் தேவைப்படுகிறது. ஆக ஒரு தடத்துக்கு ஏறத்தாழ மூன்று மடங்கு செலவு. இதை மறைக்க விரும்பவில்லை. பல் மருத்துவப் பொருள் விற்பவர்கள் பதினோரு கிலோ பெட்டிக்குக் குறைந்து தருவதில்லை என்பதும், அஞ்சல் செலவு பெட்டியின் விலையை எட்டிப் பிடிக்கும் என்பதும் கூடுதல் குறைகள்.

கலப்பதற்கு வாளி வேண்டாம். பொடியை அளந்து, இழுத்து மூடும் கெட்டியான பிளாஸ்டிக் பையில் வீட்டிலேயே போட்டு வைத்துக்கொண்டால், களத்தில் தண்ணீரை விட்டுப் பையை மூடி, வெளியிலிருந்தே மூன்று நிமிடம் பிசையலாம். குற்றம் நடந்த இடத்தில் காலணித் தடம் எடுக்கும் தடயவியல் துறையினர் செய்வதும் இதுவே. அக்காவின் விதியை இங்கே மீறுகிறோம்தான், ஆனால் பையில் பிசையும்போது கட்டி தட்டுவதில்லை. பதம் முக்கியம்: இட்லி மாவுக்கும் தோசை மாவுக்கும் இடைப்பட்டதாக இருக்க வேண்டும். இட்லி மாவாக இருந்தால் நகக்குழிக்குள் இறங்காமல் மேலேயே நிற்கும், நீர்மோராக இருந்தால் வலு போய்விடும். பையின் ஒரு மூலையைக் கத்தரித்து, தடத்துக்கு வெளியே மண்ணில் விழவிட்டு அங்கிருந்து தானாக உள்ளே ஓடும்படி செய்ய வேண்டும். மேலிருந்து நேராக விரல் குறியில் ஊற்றினால், மாவின் எடையே மண்ணைக் கரைத்து விரலின் விளிம்பை அழித்துவிடும். ஸ்டோன் பிளாஸ்டரைவிடக் கனமானது என்பதால் இந்த ஆபத்து அதில் கூடுதல். என் இரண்டு தோல்விகளில் ஒன்று அப்படித்தான் நேர்ந்தது. மற்றொன்று, நகக்குழியில் சிக்கிய காற்றுக்குமிழி. இப்போது முதலில் ஒரு கரண்டி அளவு மாவை நகக்குழிகளில் மட்டும் விட்டு, ஒரு குச்சியால் மெல்லத் தட்டிக் காற்றை எழுப்பிய பிறகே மற்றதை ஊற்றுகிறேன்.

சுற்றுத் தடுப்புக்கு விலை கொடுத்து எதையும் வாங்க வேண்டாம். பழைய பிளாஸ்டிக் கோப்பு அட்டையை நான்கு சென்டிமீட்டர் பட்டைகளாக வெட்டி, இரண்டு மூன்றைக் காகிதக் கவ்விகளால் இணைத்தால் எந்தத் தடத்துக்கும் ஏற்ற வளையம் கிடைக்கும்.

வார்ப்பைவிடப் படம் முதன்மையானது என்பதை நான் தாமதமாகவே கற்றுக்கொண்டேன். மாவு ஊற்றியபின் அந்தத் தடம் இல்லை. வார்ப்பும் உடைந்துவிட்டால் இரண்டும் இல்லை. ஆகவே மண்ணைத் தொடுவதற்கு முன்பே படமெடுத்துவிட வேண்டும். உச்சி வெயிலில் எடுத்தால் ஆழம் தெரியாது. காலைச் சாய்வெயில்தான் விளிம்புகளை எழுப்பிக் காட்டும். நேரம் தவறிவிட்டால், ஒருவர் குடையால் வெயிலை மறைக்க, மற்றவர் கைவிளக்கை ஏறத்தாழ மண் மட்டத்தில் பக்கவாட்டில் பிடித்தால் அதே விளைவு கிடைக்கிறது. அளவுகோலைத் தடத்தின் பக்கத்தில் மேட்டின்மேல் வைக்காமல், தடத்தின் அடிமட்டத்துக்கு இணையான தாழ்வில் வைக்க வேண்டும், கேமராவும் நேர் மேலிருந்து பார்க்க வேண்டும். அளக்கும்போது சகதியில் பிதுங்கி விரிந்த மேல்விளிம்பை விட்டுவிட்டு, பாதம் உண்மையாக அழுந்திய அடிப்பரப்பை மட்டும் கணக்கில் கொள்ள வேண்டும். மீன்பிடித்தவர் கைகளை விரித்துக் காட்டும் அளவுகளுக்கும் கரடித் தடத்தின் அளவுகளுக்கும் உள்ள உறவு பெரும்பாலும் அந்த மேல்விளிம்பிலிருந்து வருவதுதான். வார்ப்பைக் கொண்டு பால்மிசியானோ கோடு போடுகிறவர்கள், வார்ப்பில் இடம் வலம் மாறியிருக்கும் என்பதை மறக்கக் கூடாது. மண்ணில் பார்த்தது மேலிருந்து பார்த்த குழி. கையில் இருப்பது கீழிருந்து பார்க்கும் பாதம்.

இனி அம்மாவின் கேள்வி. யெல்லோஸ்டோன் பூங்காவுக்குள் கரடியிடமிருந்து குறைந்தது நூறு கெஜம், அதாவது 91 மீட்டர், விலகியிருக்க வேண்டும் என்பது சட்டம். பூங்கா எல்லைக்குள் நான் வார்ப்பெடுப்பதில்லை. அங்கே மண்ணையும் கல்லையும் இருந்தபடியே விட்டுவர வேண்டும், படம் மட்டும்தான். வார்ப்பெல்லாம் வெளியே, கஸ்டர் கேலட்டின் தேசியக் காட்டின் பாதைகளிலும், உரிமையாளரிடம் அனுமதி பெற்ற தனியார் நிலங்களிலும் எடுத்தவை. எங்கே எடுப்பதாக இருந்தாலும் அந்த வட்டார வன அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. கோடையின் பிற்பகுதியில் கிரிஸ்லிகள் காட்டுச் சீரகக் கிழங்கைத் தோண்டித் தின்பதற்காகக் கூடும் டாம் மைனர் பள்ளத்தாக்குக்கும் போயிருக்கிறேன்; அங்கே சாலையோரத்தில் நின்று தொலைநோக்கியில் பார்ப்பதோடு சரி, பையைத் திறப்பதே இல்லை.

தடத்தைக் கண்டதும் கரடி போன திசையில் போகாமல் அது வந்த திசையில் பின்னோக்கிப் போக வேண்டும் என்பது தடம் பார்ப்பவர்களின் பழைய வழக்கம். பாதுகாப்பு அதன் முதல் காரணம், ஆனால் இரண்டாவது காரணமும் உண்டு: கண்ணில் முதலில் பட்ட தடம் பெரும்பாலும் சுமாரானதாகவே இருக்கும், அதே கரடி ஐம்பது அடிக்கு முன்னால் வேறொரு சகதியில் அச்சுப்போல் ஒன்றைப் பதித்துவிட்டு வந்திருக்கும். மரத்தின் பட்டையில் முதுகைத் தேய்த்துப் போன அடையாளமும், பிசினில் ஒட்டிய மயிரும் தென்பட்டால் அந்தப் பாதை ஆண்டுக்கணக்கில் புழங்குவது என்று கொள்ளலாம். அத்தகைய மரங்களுக்கு அருகே கரடிகள் ஒன்றன் தடத்தில் ஒன்று காலை அழுத்தி வைத்து நடப்பதால், தேய்ந்த படிக்கட்டுகள்போல் ஒரு குழிவரிசையே உருவாகியிருக்கும். அண்டங்காக்கைகள் ஓரிடத்தில் கூடிக் கத்தினாலோ அழுகல் வாடை வந்தாலோ அங்கே கரடி காக்கும் இரை கிடக்கலாம். எவ்வளவு அருமையான தடமாக இருந்தாலும் விட்டுவிட்டு வந்த வழியே திரும்பிவிட வேண்டும். இருமுறை அப்படித் திரும்பியிருக்கிறோம்.

ஆனால் நடப்பதைவிட உட்கார்ந்திருப்பதுதான் கடினமானது. நடக்கும்போது பேச்சுச் சத்தமும் காலடிச் சத்தமும் நம் வருகையைக் கரடிக்கு அறிவித்துக்கொண்டே இருக்கும். மாவு இறுகும் வரை ஓரிடத்தில் குனிந்து உட்கார்ந்திருக்கிறவனோ, காற்று எதிராக வீசினால், கரடிக்குத் தெரியாமல் அதன் வழியில் இருக்கிறான். அதனால்தான் இறுகும் நேரத்தை இவ்வளவு வலியுறுத்துகிறேன். நாங்கள் மூவருக்குக் குறையாமல் போகிறோம். ஒருவர் மாவைப் பார்க்க, இருவர் பாதையின் இருபுறமும் பார்க்கிறார்கள். கரடி ஸ்பிரே எனப்படும் மிளகாய்க் காரத் தெளிப்பான் பையின் உள்ளே இல்லாமல் ஒவ்வொருவர் இடுப்பிலும் இருக்கிறது. அது ஒன்பது மீட்டர் அளவே பாயும் என்பதால் எடுப்பதற்குக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு. வெளியூரிலிருந்து வருபவர்கள் அதை இங்கே இறங்கியபின் வாங்க வேண்டும்; விமானத்தில் எந்தப் பெட்டியிலும் கொண்டுவர அனுமதியில்லை. காத்திருக்கும் நேரம் முழுவதும் உரக்கப் பேசுகிறோம். மொழி எதுவானாலும் கரடிக்குக் கவலையில்லை. என் மனைவி கொத்தமங்கலம் சுப்புவின் வில்லுப்பாட்டுபோல் நாங்கள் பாடுவதாகக் கேலி செய்வாள். இந்த ஏற்பாடுகளோடு முப்பத்தைந்து நிமிடம் இருக்க முடிகிறது. எழுபத்தைந்து நிமிடம் இருந்தால் ஏதோ ஒரு கட்டத்தில் மூவருமே அலைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

தூக்கும்போது வார்ப்பைப் பிடித்து இழுக்காமல், சுற்றியுள்ள மண்ணைக் கத்தியால் தளர்த்தி, அடியில் கை கொடுத்து மண்ணோடு சேர்த்தே எடுக்க வேண்டும். அதைக் களத்தில் கழுவ வேண்டாம். ஒட்டிய சகதியோடு பழைய துண்டில் சுற்றிக் கொண்டுவந்து, இரண்டு நாள் உலர்த்திய பிறகே பல் துலக்கும் பிரஷ்ஷால் மெல்லத் தேய்க்கிறேன்; சாதாரண பிளாஸ்டரை இப்படித் தேய்த்தபோது சகதியோடு மெத்தையின் சுருக்கங்களும் போயின, ஸ்டோனில் அவை நின்றன. மிஞ்சிய மாவையும் பையையும் ஓடையில் அலசுவது பெருங்குற்றம் என்று கருதுகிறேன். பை முறையின் சிறப்பே, மிச்சம் பைக்குள்ளேயே கல்லாகி நம்மோடு வீட்டுக்கு வந்துவிடுகிறது என்பதுதான்.

பனியில் இந்தப் பொருளைப் பரிந்துரைக்க மாட்டேன். இறுகும்போது வெளிவரும் சூடே தடத்தை உருக்கிவிடுகிறது. அதற்கென்று விற்கும் மெழுகுத் தெளிப்பானை முதலில் அடித்துப் பிறகு ஊற்றலாம் என்றாலும், எனக்கு அதில் திருப்தியான ஒன்றும் அமையவில்லை. உலர்ந்த தூசியிலும் கவனம் வேண்டும், மாவு விழும் வேகத்திலேயே தடம் பறந்துவிடும். பொடியைச் சேமிப்பதும் சற்றுத் தொல்லையானதே: காற்றின் ஈரத்தைக் குடித்துவிட்டால் அது முரண்டுபிடிக்கும், சில வேளை அளவுக்கு மீறி வேகமாகவும் இறுகும். பெட்டியைத் திறந்த அன்றே முழுவதையும் இரண்டேகால் கிலோப் பைகளாகக் கட்டி, காற்றுப் புகாத டப்பாவில் வைத்துவிடுவதே என் வழக்கம்.

சென்ற டிசம்பரில் ஊருக்குப் போனபோது, கருங்கரடியின் பின்னங்கால் வார்ப்பு ஒன்றை அக்காவுக்காக வேட்டியில் சுற்றிப் பெட்டியில் வைத்து எடுத்துப் போனேன். மூன்று விமானங்களும் மதுரை நிலையத்தின் சாமான் சங்கிலியும் கடந்து, சிறுவிரல் நகம் ஒன்றின் நுனி மட்டும் பெயர்ந்திருந்தது. அக்கா தன் மருத்துவமனையிலிருந்த ஸ்டோனில் ஒரு சிட்டிகை குழைத்து அதை ஒட்டினார். அவருடையது பச்சை, என்னுடையது மஞ்சள்; ஆகவே அந்த ஒரு நகம் மட்டும் மருதாணி வைத்து அரைகுறையாகக் கழுவியதுபோல் நிறம் மாறி நிற்கிறது. பல்வரிசை மாதிரிகளுக்கு நடுவே அது இப்போது அலமாரியில் இருக்கிறது. காத்திருக்கும் நோயாளிகள் யாருடைய பாதம் என்று கேட்கிறார்களாம்.